'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' முதல் 'ஐ.ஜி.ஐ' வரை: நாம் கொண்டாடிய கேம் நிறுவனங்கள் சரிந்தது எப்படி?

பண்ருட்டியை ஒட்டியிருக்கும் திருவதிகையில் 2000-களில் பள்ளி முடித்த யாரையாவது நிறுத்தி, "கம்ப்யூட்டர்ல முதல்ல என்ன ஆடுனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ஒரு சின்னப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', 'ரோட் ராஷ்', 'ஐ.ஜி.ஐ', 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', 'வைஸ் சிட்டி'. டிவியில் செருகி ஆடும் கேசட் காலத்து ஆள் என்றால் 'மாரியோ'வும் 'கான்ட்ரா'வும் சேரும்.

பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்தோ, கம்ப்யூட்டர் கிளாஸில் சார் பார்க்காத நேரத்திலோ ஆடிய கேம்கள் இவை. பெயர்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனால் இவற்றை உருவாக்கிய நிறுவனங்கள் இப்போது எங்கே?

பலது மூடப்பட்டுவிட்டது. சிலது கைமாறி, கைமாறி, வெறும் பெயராக மிஞ்சியிருக்கிறது. இன்னும் சிலது உயிரோடு இருந்தாலும் பழைய கம்பீரம் இல்லை. கேம் ஆடாதவர்களுக்கும் இந்தக் கதையில் விஷயம் இருக்கிறது. காரணம், இதில் இந்தியாவின் புனேவும் பெங்களூருவும் மும்பையும் வருகின்றன. நம்ம ஊர்ப் பிள்ளைகள் எதிர்பார்க்கும் வேலைகளும், போனில் கட்டும் பணமும் வருகின்றன.

பிரபல கேம்கள்... இப்போது அதன் நிறுவனங்கள் எங்கே?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கேம் உலகில் 'டெவலப்பர்', 'பப்ளிஷர்' என்று இரண்டு தரப்பு உண்டு. சினிமா பாணியில் சொன்னால், டெவலப்பர் என்பது இயக்குநரும் அவர் குழுவும் மாதிரி. பப்ளிஷர் என்பது பணம் போட்டு, விளம்பரம் செய்து, வெளியிடும் தயாரிப்பாளர் மாதிரி. சரிவு இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

• ஐ.ஜி.ஐ: 2000 டிசம்பரில் வெளியானது. நடுவில் 'சேவ்' பண்ண முடியாது, செத்தால் மிஷனை முதலிலிருந்து ஆட வேண்டும் என்று எல்லோரையும் படுத்திய அதே கேம். உருவாக்கியது நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ். 2003-ல் இரண்டாம் பாகம் வந்தது, அதே ஆண்டு நிறுவனமும் மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து 'ஐ.ஜி.ஐ ஆரிஜின்ஸ்' என்று புதிய பாகம் அறிவிக்கப்பட்டது. அதை உருவாக்கிய பிரிட்டன் ஸ்டூடியோவும் 2023-ல் மூடப்பட, கேம் வரவே இல்லை.

• ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்: அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் உருவாக்கியது, 1997-ல் வந்தது. 2001-ல் மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டூடியோவை வாங்கியது, 2009 ஜனவரியில் மூடியது. கேம் இன்றும் வருகிறது, உருவாக்குவது வேறு ஆட்கள்.

• பிளேஸ்டேஷன் 2-ன் டபிள்யூ.டபிள்யூ.இ மல்யுத்த கேம்கள்: வெளியிட்டது டி.ஹெச்.க்யூ. 2012 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது, 2013 ஜனவரியில் துண்டு துண்டாக ஏலம் போனது.

• மார்ட்டல் காம்பாட்: இதன் சொந்தக்காரரான மிட்வே 2009-ல் திவாலானது. கேமின் உரிமை வார்னர் பிரதர்ஸ் கைக்குப் போனது.

• கான்ட்ரா: ஜப்பானின் கொனாமி. மூடப்படவில்லை. ஆனால் 2015-ல் தன் நட்சத்திர இயக்குநர் ஹிடியோ கொஜிமாவைப் பிரிந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் பெரிய கேம்களை விட்டுவிட்டு, சூதாட்ட இயந்திரங்கள், மொபைல் கேம்கள் பக்கம் சாய்ந்தது.

• வைஸ் சிட்டி: ராக்ஸ்டார். இந்தப் பட்டியலில் கெத்து குறையாமல் நிற்பது இது ஒன்றுதான். 2013-ல் வந்த 'ஜி.டி.ஏ 5' 20 கோடிப் பிரதிகளுக்கும் மேல் விற்றிருக்கிறது.

புனேவில் சிக்கிய இளவரசன்

இந்தச் சரிவின் கதையை முழுசாகப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேமின் பயணம் போதும். அதுவும் இந்தியா வழியாகப் போன பயணம்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வை 1989-ல் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக உருவாக்கியவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார். நம்மூர்ப் பள்ளி கம்ப்யூட்டர் லேப்களில், மானிட்டரில் ஓடி, முள்ளில் விழுந்து செத்த இளவரசன் இவன்தான்.

பிறகு பிரான்ஸின் யுபிசாஃப்ட் இதைக் கையில் எடுத்தது. ஐந்து சகோதரர்கள் சேர்ந்து 1986-ல் தொடங்கிய நிறுவனம் அது. கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள அதன் ஸ்டூடியோ 2003-ல் வெளியிட்ட 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' பெரிய வெற்றி. அந்தத் தொடரின் அடுத்த பாகத்துக்காகத் தொடங்கிய யோசனையில் இருந்துதான் 'அசாசின்ஸ் க்ரீட்' பிறந்தது.

2008-ல் யுபிசாஃப்ட் புனேவில் ஒரு ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டது. 2018-ல் மும்பையிலும் தொடங்கியது. பல ஆண்டுகள் இந்திய ஸ்டூடியோக்களின் வேலை பெரும்பாலும் துணை வேலைதான். கேமைச் சோதிப்பது, வேறு கருவிகளுக்கு மாற்றிக் கொடுப்பது, மொபைல் கேம்கள் செய்வது.

2020 செப்டம்பர் 10 அன்று நிலைமை மாறியது. 'தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கேமை இன்றைய தரத்தில் மறுபடி உருவாக்கும் பொறுப்பு புனே, மும்பை குழுக்களிடம் தரப்பட்டிருப்பதாக யுபிசாஃப்ட் அறிவித்தது. உலகப் புகழ் பெற்ற ஒரு கேமுக்கு இந்திய ஸ்டூடியோ தலைமை! இங்குள்ள கேம் கலைஞர்களுக்கு அது தலைநிமிர்ந்த நாள்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. அடுத்து நடந்தது இதுதான்:

• 2020 செப்டம்பர்: டிரெய்லரைப் பார்த்தவர்கள், கிராஃபிக்ஸ் பழையதாக இருக்கிறது என்று விமர்சித்தார்கள். வெளியீடு 2021 ஜனவரி என்று சொல்லப்பட்டிருந்தது.
• 2020 டிசம்பர்: வெளியீடு 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.
• 2021 பிப்ரவரி: தேதியே இல்லாமல் ஒத்திவைப்பு.
• 2022 மே: பொறுப்பு இந்தியாவிலிருந்து மான்ட்ரியலுக்கு மாற்றம்.
• 2022 நவம்பர்: முன்பதிவு செய்தவர்களுக்குப் பணம் திரும்பத் தரப்பட்டது.
• 2024 ஜூன்: "2026-ல் வரும்" என்று மறு அறிவிப்பு.
• 2026 ஜனவரி: மொத்தமாக ரத்து. ஒரே அறிவிப்பில் ஆறு கேம்களை யுபிசாஃப்ட் கைவிட்டது. அதில் இளவரசனும் ஒருவன்.

"இந்தியாவுல செஞ்சதால சொதப்பிடுச்சு" என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. மூலக் கேமை உருவாக்கிய அதே மான்ட்ரியலிடம் போன பிறகும் மூன்றரை ஆண்டுகளில் அது முடியவில்லை. துணை வேலைக்கே பழக்கப்பட்ட குழுவிடம் ஒரு பெரிய பெயரைக் கொடுத்தார்கள். அறிவித்த நான்கு மாதத்தில் வெளியீடு என்று தேதி வைத்தார்கள். சிக்கல் முளைத்த இடம் நிர்வாகம்.

யுபிசாஃப்டுக்கு என்ன ஆச்சு?

2018-ல் யுபிசாஃப்டின் ஒரு பங்கு 100 யூரோவைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் அதே பங்கு சுமார் 10 யூரோ. ஆறே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

காரணம் ஒன்றல்ல. ஒரு கேம் வென்றால், அதே அச்சில் அடுத்தடுத்து வார்த்தார்கள். பெரிய வரைபடம், ஏறுவதற்குக் கோபுரங்கள், முடிக்க நூறு சில்லறை வேலைகள். 'எல்லாக் கேமும் ஒரே மாதிரி இருக்கு' என்ற சலிப்பு ரசிகர்களிடம் வளர்ந்தது.

2017-ல் அறிவித்த 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்ற கடற்கொள்ளையர் கேம், தள்ளித் தள்ளி 2024 பிப்ரவரியில்தான் வந்தது. வந்த வேகத்தில் மறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வந்த 'ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்' எதிர்பார்த்த அளவு விற்கவில்லை.

இன்னொரு பக்கம், நல்ல கேமும் காப்பாற்றவில்லை. 2024 ஜனவரியில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் கிரவுன்' விமர்சகர்களிடம் பெரிய பாராட்டு வாங்கியது. விற்பனை நிறுவனத்தின் எதிர்பார்ப்பை எட்டவில்லை. அந்தக் குழு கலைக்கப்பட்டு, ஆட்கள் வேறு கேம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். நன்றாக வேலை செய்த குழுவுக்கு அடுத்த வாய்ப்பு இல்லை என்றால், திறமைசாலிகள் எத்தனை நாள் தங்குவார்கள்?

கடைசியில் சீனாவின் டென்சென்ட் கைகொடுத்தது. 'அசாசின்ஸ் க்ரீட்', 'ஃபார் க்ரை', 'ரெயின்போ சிக்ஸ்' ஆகிய மூன்று முக்கியத் தொடர்களைத் தனி நிறுவனமாகப் பிரித்து, அதில் சுமார் 25 சதவிகிதப் பங்கை 116 கோடி யூரோவுக்கு டென்சென்டிடம் தருவதாக 2025 மார்ச்சில் யுபிசாஃப்ட் அறிவித்தது. குடும்பச் சொத்தில் நல்ல நிலத்தைத் தனியாகப் பிரித்துப் பங்காளி சேர்த்த கதை.

பெரிய நிறுவனங்கள் ஏன் விழுகின்றன? 5 காரணங்கள்

முப்புரம் எரித்த தலம் என்று தலபுராணம் சொல்லும் ஊர் திருவதிகை. அங்கே கோட்டைகள் எரிந்தது வெளியிலிருந்து வந்த அம்பால். கேம் உலகின் கோட்டைகள் பெரும்பாலும் உள்ளிருந்தே சரிந்திருக்கின்றன.

1. எகிறிய செலவு

1989-ல் ஒரு ஆள் செய்த வேலைக்கு இன்று நூற்றுக்கணக்கானோர் தேவை. அமெரிக்க நீதிமன்றத்தில் 2023-ல் தாக்கலான ஆவணங்கள்படி, சோனியின் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' கேமுக்கான செலவு சுமார் 22 கோடி டாலர். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' சுமார் 21 கோடி டாலர். ஐந்தாறு ஆண்டு உழைத்து, இவ்வளவு கொட்டி, ஒரு கேம் ஊத்திக்கொண்டால் நிறுவனமே ஆட்டம் காணும். அதனால் யாரும் புதுசாக முயற்சி செய்யப் பயப்படுகிறார்கள். பழைய வெற்றியின் அடுத்த பாகம், மறுபதிப்பு என்றே காலம் ஓடுகிறது.

2. வாங்குவது, பிறகு மூடுவது

இதில் அதிகம் திட்டு வாங்கிய நிறுவனம் 'ரோட் ராஷ்' தந்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், சுருக்கமாக இஏ. 'கமாண்ட் அண்ட் கான்கர்' தந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோவை 1998-ல் சுமார் 12 கோடி டாலருக்கு வாங்கியது, 2003-ல் மூடியது. 'டெட் ஸ்பேஸ்' தந்த விசரல் ஸ்டூடியோவை 2017-ல் மூடியது.

மைக்ரோசாஃப்ட் கதையும் இதேதான். ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் 2023 அக்டோபரில் முடிந்தது. நம்ம பணத்தில் 5.7 லட்சம் கோடி ரூபாய். கேம் துறையில் அதுவரை காணாத தொகை. மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், தன் கேம் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு மே மாதம் ஆர்க்கேன் ஆஸ்டின், டாங்கோ கேம்வொர்க்ஸ் ஆகிய ஸ்டூடியோக்களை மூடுவதாக அறிவித்தது. டாங்கோவின் கடைசிக் கேம் 'ஹை-ஃபை ரஷ்' விருதுகள் வாங்கிய கேம் என்பதுதான் வேதனை. பிறகு 'பப்ஜி'யின் சொந்தக்காரரான தென் கொரியாவின் கிராஃப்டன் டாங்கோவை எடுத்துக் காப்பாற்றியது.

3. கடன், பேராசை

டி.ஹெச்.க்யூ வீழ்ந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், டிவியில் படம் வரையும் 'யூ-ட்ரா' என்ற பலகை. முதலில் ஒரு கருவிக்கு விட்டது நன்றாகப் போனது. அந்த உற்சாகத்தில் மற்ற இரண்டு கருவிகளுக்கும் பெருமளவில் தயாரித்துக் குவித்தது. சுமார் 14 லட்சம் பலகைகள் விற்காமல் தேங்கின. பலாப்பழ சீசன் முடிந்த பிறகு லோடு இறக்கிய வியாபாரியின் நிலைமை அது.

அடுத்து நடந்தது இன்னும் வேடிக்கை. டி.ஹெச்.க்யூ என்ற பெயரையே விலைக்கு வாங்கிய நார்டிக் கேம்ஸ், பிறகு எம்பிரேசர் என்ற பெரிய குழுமமாக மாறியது. கடன் வாங்கி, பங்கு வெளியிட்டு, ஸ்டூடியோக்களை வரிசையாக வாங்கித் தள்ளியது. 2023 மே மாதம், 200 கோடி டாலர் மதிப்பிலான ஒரு ஒப்பந்தம் கடைசி நேரத்தில் கைநழுவியது. அதோடு சரிவு. 'செயின்ட்ஸ் ரோ' தந்த, 30 ஆண்டுப் பழமையான வொலிஷன் ஸ்டூடியோ அதே ஆண்டு ஆகஸ்டில் மூடப்பட்டது. டி.ஹெச்.க்யூ திவாலானபோது தப்பிப் பிழைத்த ஸ்டூடியோ அது. இரண்டாவது முறை தப்ப முடியவில்லை.

4. 'எல்லோரும் தினமும் ஆடணும்' என்ற ஆசை

'ஃபோர்ட்நைட்', 'பப்ஜி' போன்றவை வருடக்கணக்கில் ஓடி, தினமும் காசு பார்ப்பதைக் கண்டதும் எல்லோரும் அதே பாதையில் ஓடினார்கள். ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு நாளில் 24 மணி நேரம்தான். ஏற்கெனவே ஒரு கேமில் நண்பர்கள், உடைகள், ரேங்க் எல்லாம் சேர்த்து வைத்தவர் எதற்குப் புதுசுக்கு மாற வேண்டும்?

சோனியின் 'கான்கார்ட்' இதற்குச் சரியான உதாரணம். 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியானது, செப்டம்பர் 6-ல் நிறுத்தப்பட்டது. வெறும் இரண்டு வாரம். வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. அக்டோபரில் அந்த ஸ்டூடியோவும் மூடப்பட்டது.

5. உடைந்த நம்பிக்கை

பாதி வெந்த கேமை வெளியிட்டு, "அப்டேட்ல சரி பண்றோம்" என்பது வழக்கமாகிவிட்டது. முழு விலை கொடுத்து வாங்கிய கேமுக்குள்ளேயும் உடைக்குக் காசு, ஆயுதத்துக்குக் காசு. முதல் முறை ஏமாந்தவர் பொறுத்துக்கொள்வார். மூன்றாவது முறை, விலை பாதியாகக் குறையும் வரை காத்திருப்பார். பெரிய கேம்களுக்கு முதல் வார வசூல்தான் உயிர். அதுவே குறைய ஆரம்பித்தது.

இந்திய நிறுவனங்களின் கதை

இந்தியாவிலும் ஒரு காலத்தில் முன்னணியில் நின்ற கேம் நிறுவனங்கள் உண்டு.

இந்தியா கேம்ஸ்: 1999-ல் மும்பையில் விஷால் கோண்டல் தொடங்கியது. பட்டன் போன் காலத்தில், ஆயிரக்கணக்கில் மொபைல் கேம்கள் டவுன்லோடு ஆன நாட்களில், நாட்டின் முன்னணி நிறுவனம். முதலில் சீனாவின் டாம் ஆன்லைன் பெரும்பங்கை வாங்கியது. பிறகு யுடிவி. கடைசியில் டிஸ்னி. 2016-ல் டிஸ்னி இந்தியாவில் கேம் தயாரிப்பையே நிறுத்த, அந்த அத்தியாயம் முடிந்தது. டிஸ்னிக்குக் கேம் ஒரு பக்கத்துத் தொழில்தான். தலைமையகத்தில் திட்டம் மாறியதும் இங்கே கதவு மூடியது.

துருவா இன்டராக்டிவ்: 1997-ல் பெங்களூருவில் ராஜேஷ் ராவ் தொடங்கியது. இந்தியக் கேம் துறையின் முன்னோடி. உலக நிறுவனங்களின் பெரிய கேம்களுக்கு கார், கட்டடம், ஆயுதம் என்று கலை வேலைகளைச் செய்து கொடுத்து வளர்ந்தது. ஸ்வீடனின் ஸ்டார்ப்ரீஸ் இதை வாங்கியது. 2018-ல் வெளியிட்ட ஒரு கேம் படுதோல்வி அடைய, ஸ்டார்ப்ரீஸ் நிதிச் சிக்கலில் விழுந்தது. 2019 மே மாதம் சுமார் 79 லட்சம் டாலருக்கு துருவாவின் பங்குகளை ராக்ஸ்டாரிடம் விற்றது. துருவா என்ற பெயர் ராக்ஸ்டாரின் இந்தியக் கிளைக்குள் கரைந்தது. ஆனால் ஆட்களும் திறமையும் மிஞ்சினார்கள். அந்த வகையில் இது கொஞ்சம் நல்ல முடிவுதான்.

இரண்டிலும் ஒரு பொது அம்சம் தெரிகிறதா? இங்கே வேலை நன்றாகவே நடந்தது. எங்கோ இருக்கும் முதலாளியின் முடிவு அல்லது நஷ்டம், இங்கிருக்கும் ஸ்டூடியோவின் தலையெழுத்தை மாற்றியது. புனே இளவரசனுக்கு நடந்ததும் இதன் இன்னொரு வடிவம்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. ட்ரீம்11, எம்.பி.எல் போன்ற நிறுவனங்கள் பணம் கட்டி ஆடும் சேவையை நிறுத்தின. அது சட்டத்தால் வந்த நிறுத்தம். தமிழ்நாடு அதற்கு முன்பே, ரம்மியில் பணம் இழந்து நடந்த தற்கொலைகளைத் தொடர்ந்து, தனிச் சட்டம் கொண்டுவந்திருந்தது. பணம் வைத்து ஆடாத வீடியோ கேம்களுக்கு மத்தியச் சட்டத்தில் தடை கிடையாது.

இது முதல் சரிவா?

இல்லை. 1983-ல் இதைவிடப் பெரிய சரிவு நடந்தது. அமெரிக்க வீடியோ கேம் சந்தை சுமார் 320 கோடி டாலரில் இருந்து, இரண்டு மூன்று ஆண்டுகளில் சுமார் 10 கோடி டாலராகச் சுருங்கியது. காரணம், கடைகளில் குவிந்த தரமில்லாத கேம்கள். முன்னணியில் இருந்த அட்டாரி, 'இ.டி' படத்தை வைத்து ஐந்து ஆறு வாரத்தில் அவசரமாக ஒரு கேமை உருவாக்கி வெளியிட்டது. விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டியபோது அவை வெளியே வந்தன.

"வீடியோ கேம் செத்துப்போச்சு" என்று அமெரிக்கா முடிவு கட்டிய நேரத்தில் வந்தது ஜப்பானின் நின்டெண்டோ. நம்ம ஊர் டிவிகளில் செருகி ஆடியதில் பெரும்பாலானவை, அந்த நின்டெண்டோ கருவியைப் பார்த்துச் சீனாவிலும் தைவானிலும் செய்த நகல்கள்தான். ஒரு கோட்டை விழுந்த இடத்தில் இன்னொன்று எழும்பும் என்பது இந்தத் துறையின் பழைய பழக்கம்.

விழுந்தவர்கள் எழுந்ததுண்டா?

உண்டு. மூன்று உதாரணங்கள்.

நின்டெண்டோ: 2012-ல் வெளியிட்ட 'வீ யூ' கருவி படுத்துவிட்டது. மொத்தமே சுமார் 1.35 கோடிதான் விற்றது. அப்போதைய தலைவர் சடோரு இவாட்டா ஆட்களை நீக்காமல், 2014-ல் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். பயந்துபோன ஊழியர்களால் நல்ல கேம் செய்ய முடியாது என்பது அவர் நிலைப்பாடு. 2017-ல் வந்த 'ஸ்விட்ச்' 15 கோடிக்கும் மேல் விற்றது. அந்த வெற்றியைப் பார்க்க இவாட்டா உயிரோடு இல்லை.

சி.டி. ப்ராஜெக்ட்: போலந்து நிறுவனம். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' குறைகளோடு வந்தது. ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. நிறுவனம் கேமை விட்டு ஓடவில்லை. மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து சரிசெய்தது. 2023 செப்டம்பரில் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, திட்டியவர்களே பாராட்டினார்கள்.

சாண்ட்ஃபால்: இது எழுந்த கதை அல்ல, விலகி வந்தவர்களின் கதை. யுபிசாஃப்டில் வேலை பார்த்த ஒருவர் வெளியேறி, பிரான்ஸில் சிறு குழுவோடு தொடங்கிய ஸ்டூடியோ. சுமார் 30 பேர் கொண்ட மையக் குழு உருவாக்கிய 'எக்ஸ்பெடிஷன் 33', 2025-ன் சிறந்த கேம் விருதை வென்றது. பெரிய நிறுவனம் ஆயிரம் பேரை வைத்துச் செய்ய முடியாததை, தெளிவான யோசனையுள்ள சிறு குழு செய்து காட்டியது.

இந்தியாவிலும் சின்ன அளவில் இது நடந்திருக்கிறது. புனேவின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2017-ல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று தோற்றது. விடாமல் 2020-ல் 'ராஜி' என்ற கேமை வெளியிட்டது. இந்தியப் புராணமும் கோட்டைகளும் நிறைந்த அந்தக் கேம் உலக அளவில் கவனம் பெற்றது. யுபிசாஃப்டின் இளவரசன் மாட்டிக்கொண்ட அதே ஊர், அதே ஆண்டு.

உங்கள் பணத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

முன்பு சி.டி வாங்கினால், கம்பெனி மூடினாலும் கேம் ஓடும். ஐ.ஜி.ஐ-யை உருவாக்கியவர்கள் மூடி இருபது வருடத்துக்கும் மேல் ஆகியும், பழைய சி.டி வைத்திருப்பவர் இன்னும் ஆடலாம். இப்போது அப்படி இல்லை.

2014-ல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. தனியாக ஆடினாலும் சர்வர் தேவை என்று அமைத்திருந்ததால், காசு கொடுத்து வாங்கியவர்களால் அதற்குப் பிறகு ஆடவே முடியவில்லை. இதை எதிர்த்து 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனு 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 முதல், டிஜிட்டலில் விற்பது சொந்தம் அல்ல, வெறும் பயன்பாட்டு உரிமம் என்றால் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

'பப்ஜி மொபைல்' 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடையானபோது, அதில் உடைக்கும் துப்பாக்கிப் பெயின்டுக்கும் காசு போட்டவர்கள் தவித்தது நினைவிருக்கும். நிறுவனம் சரிந்தாலும் அரசு தடுத்தாலும், வாங்கிய பொருள் கையில் மிஞ்சாது. பிள்ளைகள் போனில் 'டாப்-அப்' கேட்கும்போது பெற்றோர் நினைவில் வைக்க வேண்டிய உண்மை இது.

கேம் துறையில் வேலை தேடலாமா?

கடலூரிலும் சிதம்பரத்திலும் பொறியியல், அனிமேஷன் படிக்கும் பல மாணவர்களின் கேள்வி இது. உலகம் முழுக்க 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும், ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் கேம் துறையில் வேலை இழந்திருக்கிறார்கள். அதற்காக 'வேண்டவே வேண்டாம்' என்று சொல்லவும் முடியாது. மேலே பார்த்த கதைகளில் இருந்து சில விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

• பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரிய நிறுவனத்தின் இந்தியக் கிளையில் சேருவதற்கு முன், அங்கே முழுக் கேமும் உருவாகிறதா, துணை வேலை மட்டுமா என்று பாருங்கள். செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைப்பது துணை வேலையில்தான்.

• ஒரே துறைக்குள் அடைபடாத திறமை வேண்டும். முப்பரிமாண வடிவமைப்பு, புரோகிராமிங், அனிமேஷன் தெரிந்தவருக்கு சினிமா வி.எஃப்.எக்ஸ், கட்டட வடிவமைப்பு, ஆட்டோமொபைல் என்று வேறு கதவுகளும் உண்டு.

• லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் முன் யோசியுங்கள். 'கேம் டிசைன்' என்று பலகை மாட்டிய பயிற்சி மையங்கள் பெருகிவிட்டன. 'அன்ரியல்', 'யூனிட்டி', 'கோடோ' ஆகிய மென்பொருள்களை இலவசமாகவே எடுத்துக் கற்கத் தொடங்கலாம். சான்றிதழைவிட, முடித்துக் காட்டிய ஒரு சின்னக் கேம்தான் நேர்காணலில் பேசும்.

அடுத்து என்ன?

'ரோட் ராஷ்' தந்த இஏ நிறுவனத்தை, சவுதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதியம் தலைமையிலான குழு 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தம் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 4.9 லட்சம் கோடி ரூபாய். இதில் 2,000 கோடி டாலர் கடன். கடனுக்கு வட்டி கட்ட வேண்டும் என்றால், செலவைக் குறைக்க வேண்டும் அல்லது ஆடுபவரிடம் இன்னும் கறக்க வேண்டும். அதனால்தான் ரசிகர்களும் ஊழியர்களும் கவலையோடு பார்க்கிறார்கள்.

கேம் ஆடுபவர்கள் உலகில் குறையவில்லை. திருவதிகையில் பிரவுசிங் சென்டர் காலம் போய், பிள்ளைகள் கையில் போன் வந்து, ஆட்டம் இன்னும் அதிகமாகவே நடக்கிறது. சரிந்தவை, ஆடுபவரை மறந்த நிறுவனங்கள். அன்று முள்ளில் விழுந்து செத்தாலும் இளவரசன் அடுத்த நொடியே அந்த லெவலின் தொடக்கத்தில் எழுந்து நிற்பான். அந்தக் கேமைக் கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அப்படி ஒரு 'ரீஸ்டார்ட்' கிடைக்குமா என்பது, அது அடுத்து உருவாக்கப்போகும் கேம்களில்தான் இருக்கிறது.